மவுஸைத் தொடாதே என்று சொல்கிறவர்களுக்கு

“மவுஸைத் தொடுறவன் இன்னும் கத்துக்குட்டிதான்.” கணினி வகுப்பில் சொல்கிறார்கள், யூடியூப்பில் சொல்கிறார்கள், புரோகிராம் எழுதும் நண்பர்கள் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். ஷோர்ட்கட் என்றாலே கீபோர்ட் ஷோர்ட்கட்தான். வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பாருங்கள்: கொன்ட்ரோல் சி, கொன்ட்ரோல் வி, கொன்ட்ரோல் இசட் என்று வரிசையாக ஓடும். மவுஸால் செய்யக்கூடிய குறுக்குவழி ஒன்றுகூட அதில் இருக்காது. மவுஸ் என்றால் சின்னப் பிள்ளைகள் படம் கீறுவதற்கும், வயசானவர்கள் மெனுவுக்குள் தட்டுத்தடுமாறுவதற்கும் உள்ள சாமான் என்று ஒரு நினைப்பு.

இந்த நினைப்பு பிறந்த இடத்திலேயே அரைவாசிதான் உண்மை. தமிழில் எழுதித் திருத்துகிற நமக்கு அந்த அரைவாசியும் மிஞ்சாது.

யாருக்காகப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் இருந்து ரத்தோட்டை, இலுக்கும்புர வழியாக மலை ஏறி இறங்கினால் பல்லேகம. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய டவுன் தண்ணிக்குள் போய், லக்கலயில் புது டவுன் எழும்பிய பக்கம். இங்கே பெரும்பாலும் சிங்களம்தான் புழக்கம். கொமியூனிகேஷன் கடையில் இருக்கிற தம்பி சிங்களத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். தமிழ்க் கடிதம் என்று ஒருவர் வந்து நின்றால்தான் அவனுக்கு வேர்க்கும். எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று தேடித் தேடி அடிக்க வேண்டும். ஆகவே அவன் என்ன செய்வான்? போன மாதம் அடித்த பழைய தமிழ்க் கடிதத்தைத் திறப்பான். பெயரை மாற்றுவான், விலாசத்தை மாற்றுவான், அடையாள அட்டை இலக்கத்தையும் திகதியையும் மாற்றுவான், பிரிண்ட் எடுப்பான். இங்கே மட்டும் இல்லை, மாத்தளை டவுனிலும் ஹட்டனிலும் இப்படித்தான் கடிதம் பிறக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள், அவன் செய்வது டைப்பிங் இல்லை, எடிட்டிங். பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஐந்து ஆறு சொற்களைப் பிடித்து மாற்றுகிற வேலை. மேல் வலது மூலையில் திகதி, மூன்றாம் வரியில் பெயர், கீழே கையொப்பத்துக்கு மேலே மறுபடி அதே பெயர். இந்த வேலைக்குக் கையை கீபோர்டில் இருந்து எடுக்காதே, அம்புக்குறிக் கட்டையை அறுபது தடவை தட்டு என்று சொல்கிறவர் அந்தக் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குறிபார்த்துத் தொடு, டபிள் கிளிக் பண்ணு, புதுச் சொல்லை அடி. இதைவிடக் குறுகிய வழி கிடையாது.

இருக்க வேண்டியது அப்படி. நடந்தது வேறு. ஏனென்றால் கடைகளில் நம்முடைய தமிழ் பெரும்பாலும் பாமினியில்தான் இருந்தது, இன்னும் பல இடத்தில் இருக்கிறது. பாமினி ஓர் உடுப்பு மட்டும்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக் குறியும். ‘அ’ என்பது உள்ளே எம். ‘க’ என்பது எஃப். நம்முடைய மெய்யெழுத்துப் புள்ளி இருக்கிறதே, அது உள்ளே ஒரு செமிகோலன். ‘இ’ என்பது கமா.

இப்போது பாமினியில் அடித்த ‘இலங்கை’ மேலே மைக்ரோசொஃப்ட் வேர்டில் டபிள் கிளிக் பண்ணுங்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு சொல். வேர்டின் கண்ணுக்கு: ஒரு கமா, பிறகு இரண்டு எழுத்து, பிறகு ஒரு செமிகோலன், பிறகு இன்னும் இரண்டு எழுத்து. நிறுத்தக் குறி வந்தால் சொல் முடிந்தது என்பதுதான் அதன் கணக்கு. ஆக நாடு நாலு துண்டு. நடுவில் கிளிக் பண்ணினால் ‘லங’ மட்டும் தெரிவாகும். (பக்கத்து வீட்டிலும் இதே கதைதான். சிங்களத்தில் எல்லாக் கடையிலும் ஓடிய எஃப்.எம். எழுத்துருக்களில் ‘ல’ என்பது கமா. ‘லங்கா’ என்ற சொல்லும் கமாவில்தான் தொடங்கும். இரு மொழிச் சமத்துவம் இந்த ஒரு விஷயத்தில் முழுசாக நிறைவேறியிருக்கிறது.)

சிரிப்பு முடிந்ததும் கடைக்குத் திரும்புவோம். பழைய கடிதத்தில் ‘செல்வம்’ என்று ஒரு பெயர். அதை ‘ராணி’ ஆக்க வேண்டும். தம்பி பெயரின் தொடக்கத்தில் டபிள் கிளிக் பண்ணுகிறான். தெரிவானது ‘செல’ மட்டும். அவசரத்தில் அதைப் பார்க்காமல் ‘ராணி’ என்று அடித்தால், பக்கத்தில் ஒரு புள்ளியும் ‘வம்’ என்ற வாலும் தொங்கும். தமிழ் தெரிந்தவன் பார்த்தால் பிடித்துவிடுவான். எழுத்தைத் தேடி அடிக்கிறவன் கண்ணுக்கு அது படுமா? அந்தக் கடிதத்தைக் கொண்டு போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் காசு கொடுத்து, கந்தோரில் வரிசையில் நிற்கிறவர். பெயர் பிழை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் போச்சு.

இதனால்தான் நம்முடைய டைப் பண்ணுகிற ஆட்கள் டபிள் கிளிக்கை நம்புவதே இல்லை. சொல்லின் முதல் எழுத்துக்கு முன்னால் அழுத்தி, கடைசி எழுத்து வரைக்கும் கையை நடுங்காமல் இழுத்துக்கொண்டு போவார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவன் ‘இவங்களுக்கு ஷோர்ட்கட் தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் போவான். தெரியாமல் இல்லை. கருவி அவர்களை ஏமாற்றி ஏமாற்றிப் பழக்கியிருக்கிறது. கீபோர்ட் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை: கொன்ட்ரோலை அழுத்தி அம்புக்குறியைத் தட்டினால் சொல் சொல்லாகத் தாவும் என்கிறீர்களே, பாமினியில் அதுவும் இதே மாதிரித்தான் புள்ளிக்குப் புள்ளி தடுக்கி விழும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வேர்டின் உபகாரத்தால் ‘அவர்’ என்று அடித்தது ‘ஆவர்’ ஆகிறதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

சரி, இந்தக் கீபோர்ட் பெருமை எங்கே இருந்து வந்தது? ‘விஐ’ என்ற எடிட்டரை பில் ஜோய் 1976 வாக்கில் எழுதினார். அவர் வைத்திருந்தது ஏ.டி.எம்-3ஏ என்ற டெர்மினல். அதில் மவுஸே கிடையாது. அம்புக்குறிகூடத் தனிக் கட்டையில் இல்லை, எச், ஜே, கே, எல் கட்டைகளின் மேலேயே கீறியிருந்தது. வீட்டில் இருந்து மெதுவான மோடம் வழியாக வேலை செய்தார். ஒவ்வொரு கட்டளையும் ஓரெழுத்தாக இருந்ததற்கு இதுதான் காரணம். இல்லாத வீட்டில் இருந்ததை வைத்துச் சமைத்த சமையல் அது, நல்ல சமையலும்கூட. அதை எடுத்து ‘மவுஸ் கூடாது’ என்று வேதமாக்கியது பின்னால் வந்தவர்கள்.

அதே காலத்தில் மவுஸை வைத்து அளந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். செரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் கார்ட், இங்கிலிஷ், பர் என்ற மூன்று பேர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற ஒன்று. திரையில் ஓர் எழுத்துத் துண்டைத் தெரிவு செய்ய எது நல்லது என்பதுதான் கேள்வி. மவுஸ், ஜோய்ஸ்டிக், அம்புக்குறிக் கட்டைகள், சொல் சொல்லாகவும் வரி வரியாகவும் தாவும் கட்டைகள் என்று நான்கையும் போட்டுப் பார்த்தார்கள். மவுஸ்தான் வேகம். பிழையும் அதில்தான் குறைவு. அடிக்கிற வேலைக்கு கீபோர்ட், பிடிக்கிற வேலைக்கு மவுஸ் என்று அன்றைக்கே தெரிந்துபோன விஷயம்.

அதுக்கும் பத்து வருஷம் முந்தி, 1968 டிசம்பர் 9ஆம் திகதி, டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை உலகத்துக்குக் காட்டிய நிகழ்ச்சியின் படச்சுருள் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. அவருடைய வலது கை மவுஸில் இருக்கும். இடது கை ஐந்தே ஐந்து கட்டைகள் உள்ள ஒரு சின்னப் பலகையில் இருக்கும். ஒரு கை எதை என்று காட்டும், மற்றக் கை என்ன செய் என்று சொல்லும். மவுஸ் ஷோர்ட்கட் என்பது அசலில் இதுதான். ஷிஃப்டை அழுத்திக் கிளிக், கொன்ட்ரோலை அழுத்திக் கிளிக் என்று இன்றைக்கு நாம் செய்வது அதன் பேரப்பிள்ளைகள். மவுஸா கீபோர்டா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் மனிதனுக்கு இரண்டு கை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ரொப் பைக். அவரும் கென் தொம்சனும் 1992இல் உருவாக்கியதுதான் யு.டி.எஃப்-8. நீங்கள் இப்போது இந்தத் தமிழை வாசிப்பதே அந்த முறையில் எழுத்து ஓடி வருவதால்தான். அந்த மனிதர் தனக்கென்று எழுதிக்கொண்ட எடிட்டரின் பெயர் அக்மி, 1994இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அது முழுக்க முழுக்க மூன்று பொத்தான் மவுஸில் ஓடுகிறது. இடது பொத்தானால் ஒரு துண்டைத் தெரிவு செய்து, கையை எடுக்காமல் நடுப் பொத்தானைத் தட்டினால் வெட்டும். வலது பொத்தானைத் தட்டினால் ஒட்டும். திரையில் எழுதியிருக்கும் எந்தச் சொல்லையும் நடுப் பொத்தானால் தொட்டால் அது கட்டளையாக ஓடும். உங்கள் சொந்தக் கட்டளைக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் அப்படியே ஓடும். உலகத்து எழுத்துகள் எல்லாம் கணினியில் ஓட வழி செய்த ஆள் கத்துக்குட்டி என்றால், நானும் கத்துக்குட்டியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

தமிழுக்கு வருவோம். விம் எடிட்டரில் ஒரு வரியை அழிக்க ‘டி’ கட்டையை இரண்டு தடவை தட்ட வேண்டும். தமிழ் எழுத்துக்கு கீபோர்டை மாற்றி வைத்திருந்தால் அந்தக் கட்டை ‘டி’ இல்லை, ஏதோ ஒரு தமிழ் எழுத்து. விம்முக்கு ஒன்றும் விளங்காது. ஆங்கிலத்துக்கு மாற்று, அழி, தமிழுக்கு மாற்று, எழுது, மறுபடி மாற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு தடவை கதவைத் திறந்து மூடுகிற வேலை. இதைத் தவிர்க்க விம்முக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது, கீமேப் என்பார்கள். அதில் தமிழுக்கு என்று கூடவே வருவது டிஸ்கி முறைக்கு உரியது, அதாவது யுனிகோட் பரவுவதற்கு முந்திய காலத்தது. டெர்மினலில் தமிழ் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. இதைவிட மவுஸ் எவ்வளவோ மேல். மவுஸுக்கு மொழி கிடையாது. தமிழ் ஓடினாலும் சிங்களம் ஓடினாலும் டபிள் கிளிக் டபிள் கிளிக்தான். மூன்று மொழியில் கடிதம் அடிக்கிற நாட்டில் இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டுமா? நியோவிம் ஆட்களே 2022இல் வந்த 0.8 பதிப்பில் மவுஸை முதலிலேயே இயங்கும்படி வைத்துவிட்டார்கள். பக்தர்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

இவ்வளவு சொன்னதால் எடிட்டர் செய்கிறவர்களை நான் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மவுஸ் ஷோர்ட்கட்களை இவர்கள் வைத்திருக்கிற லட்சணம் இருக்கிறதே!

முதல் குறை, அவை கண்ணுக்கே தெரியாது. மெனுவைத் திறந்தால் ‘கொப்பி’ என்பதற்குப் பக்கத்தில் கொன்ட்ரோல் சி என்று எழுதியிருக்கும். மெனுவுக்குப் போகிறவன் போகப் போகக் கட்டையைக் கற்றுக்கொள்வான். மவுஸ் குறுக்குவழிக்கு அப்படி ஓரிடம் எங்கே இருக்கிறது? வேர்டில் கொன்ட்ரோலை அழுத்தி ஒரு கிளிக் பண்ணினால் முழு வாக்கியமும் தெரிவாகும். இடது ஓரத்து வெள்ளையில் ஒரு கிளிக் முழு வரியைப் பிடிக்கும், இரண்டு கிளிக் பந்தியைப் பிடிக்கும், மூன்று கிளிக் மொத்த ஆவணத்தையும் பிடிக்கும். ஓல்ட்டை அழுத்தி இழுத்தால் நெடுக்காக ஒரு பத்தியை மட்டும் எடுக்கலாம், பெயர்ப்பட்டியலில் இலக்கங்களை மாத்திரம் அழிக்க அருமையான சாமான். இதையெல்லாம் எந்த மெனுவும் சொல்லாது. யாரோ செய்வதை எட்டிப் பார்த்தால்தான் உண்டு. எட்டிப் பார்க்க ஆள் இல்லாத பல்லேகமக் கடைத் தம்பிக்கு யார் சொல்வது?

இரண்டாவது, ஆளுக்கொரு சட்டம். வேர்டில் மூன்று தடவை கிளிக் பண்ணினால் பந்தி. லிப்ரே ஒஃபிஸில் மூன்று தடவை பண்ணினால் வாக்கியம், பந்திக்கு நாலு தடவை. இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கர்சரை வைக்க சப்ளைம் டெக்ஸ்டில் கொன்ட்ரோலோடு கிளிக். அதையே விஷுவல் ஸ்டூடியோ கோடில் பண்ணினால் இணைப்பைத் திறந்துகொண்டு எங்கேயோ போகும், அங்கே ஓல்ட்டோடு கிளிக் பண்ண வேண்டும். சில லினக்ஸ் மேசைத்தளங்களில் ஓல்ட்டை அழுத்தி இழுத்தால் எழுத்து அசையாது, ஜன்னலே நகரும். கொன்ட்ரோல் சி மட்டும் எல்லா இடத்திலும் கொன்ட்ரோல் சி. பத்து நிறுவனங்கள் கீபோர்டில் ஒத்துப்போக முடிந்தால் கிளிக்கில் ஏன் முடியாது? மவுஸ் பாவிக்கிறவன் முக்கியமில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

மூன்றாவது ஆபத்தான விஷயம். தெரிவு செய்த துண்டைப் பிடித்து இழுத்தால் அது இடம் மாறும். கேட்டு வாங்காத வசதி. பழைய லெப்டொப், தேய்ந்த டச்பேட், ஈரக் கை. கிளிக் பண்ணப் போய்ச் சற்றே வழுக்கினால் ஒரு வரி சத்தமில்லாமல் இன்னொரு பந்திக்குள் போய் உட்காரும். வேர்டில் இதை நிறுத்த அமைப்புக்குள் ஒரு தெரிவு இருக்கிறது. எத்தனை கடைகளில் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? பொதுக் கணினிகளில் அது தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், வேண்டியவன் போட்டுக்கொள்ளட்டும்.

யுனிகோட் வந்தால் தமிழ்க் கஷ்டம் எல்லாம் தீரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெரும்பகுதி தீரும், உண்மைதான். தமிழ் யுனிகோடில் முதல் பதிப்பில் இருந்தே, 1991இல் இருந்தே, இருக்கிறது. இலங்கையிலும் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் 2008இல் வந்து யுனிகோடையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. யுனிகோடில் அடித்த ‘செல்வம்’ வேர்டில் டபிள் கிளிக்குக்கு முழுசாக வரும். பிறகு ஏன் இன்னும் பாமினி? அச்சகத்தில் பேஜ்மேக்கர் ஓடுகிறது, அதற்கு யுனிகோட் தெரியாது. அச்சகம் பாமினி கேட்டால் கடை பாமினியில்தான் அடிக்கும். 2001இல் கடைசிப் பதிப்பு வந்த ஒரு மென்பொருளுக்காக ஒரு தலைமுறை முழுவதும் சொல்லைத் துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

யுனிகோடுக்குள் வந்த பிறகும் புரோகிராமர்கள் கை வைக்கிற இடத்தில் பழைய வியாதி திரும்பி வருகிறது. பைத்தன் மொழியில் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. அதைக் கொண்டு ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். ‘தம’ என்று ஒரு துண்டும் ‘ழ’ என்று ஒரு துண்டும் வரும். இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் அதே குறியீட்டுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இந்தக் குறியீட்டை நம்பி ஒருவர் டபிள் கிளிக்கை எழுதினால் பாமினிக் காலம் மறுபடி வந்துவிடும். எழுதுகிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கிளிக் பண்ணி கர்சர் வைக்கிற இடத்திலும் ஒரு சிக்கல். ‘கொழும்பு’ என்பதில் ‘கொ’வைத் திருத்த வேண்டும். முன்பாதியில் கிளிக் பண்ணினால் கர்சர் எழுத்துக்கு முன்னால் நிற்கும், பின்பாதியில் பண்ணினால் பின்னால் நிற்கும். பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் ஒகரக் குறி மட்டும் போய் ‘க’ மிஞ்சும். முன்னால் நின்று டிலீட் தட்டினால் விண்டோஸில் முழு எழுத்தும் போய்விடும். பாமினியில் கொம்பு தனி, ‘க’ தனி, கால் தனி என்று பழகிய கைக்கு இது விளங்காது. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். எந்த வகுப்பில் சொல்கிறார்கள்?

கீபோர்ட் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பார்வை இல்லாதவர்களுக்கு மவுஸால் பயன் இல்லை. திரைவாசிப்பானோடு வேலை செய்கிறவருக்குக் கட்டைதான் வழி. கை நடுங்குகிறவருக்கு இழுப்பது முடியாத காரியம். வலைத்தள அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு, 2023 ஒக்டோபரில் வந்தது, இழுத்துச் செய்கிற எதையும் இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. முழுக்கச் சரி. அவர்களுக்குக் கட்டை வேண்டும் என்பதற்காக மற்றவனைக் கத்துக்குட்டி என்று சொல்ல வேண்டியதில்லை.

கணினி வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. சுவர்ப் பட்டியலின் அடியில் ஆறு வரி சேருங்கள்: ஷிஃப்ட் கிளிக், டபிள் கிளிக், மூன்று கிளிக், கொன்ட்ரோல் கிளிக், ஓரத்துக் கிளிக், ஓல்ட் இழுப்பு. கொன்ட்ரோல் கிளிக் சொல்லும்போது, க. பொ. த. என்று இடைவெளி விட்டு அடித்திருந்தால் முதல் புள்ளியிலேயே வாக்கியம் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பாமினி ஆவணத்தில் டபிள் கிளிக் ஏன் பாதிச் சொல்லைப் பிடிக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குத் திரையில் காட்டுங்கள். யுனிகோட் ஏன் வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் விரிவுரை செய்வதைவிட அந்த ஒரு கிளிக் விளங்கும்.

எடிட்டர் எழுதுகிற, எழுத்துப்பெட்டி வைத்த ஏதாவது ஆப் செய்கிற நம்முடைய நண்பர்களுக்கு: வெளியிட முதல் நாலு சொல்லைப் போட்டு மவுஸால் தொட்டுப் பாருங்கள். இலங்கை, செல்வம், தமிழ், கொழும்பு. டபிள் கிளிக்கில் நாலும் முழுசாக வராவிட்டால் வெளியிட வேண்டாம், திரும்பிப் போய்த் திருத்துங்கள்.